போதகர் தம் உடல்நலத்தையும் மனநலத்தையும் கவனித்துக்கொள்வது சுயநலமா?

நீங்கள் இறையியல் படிப்பவராகவோ புதிதாக ஊழியத்திற்கு வந்தவராகவோ இருப்பீர்கள் என்று கருதிப் பதிலளிக்கிறேன். நிச்சயமாகச் சுயநலம் அல்ல. ஒரு போதகரின் மனைவியாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

என் கணவரைச் சபையார் மட்டுமல்ல, பெற்ற தாயாரும்கூட 'பாஸ்டர்' என்றே அழைக்கத் தொடங்கியிருந்தார். வீட்டுக்குள்ளும் அவர் வேறு யாராகவும் இருக்க இடமில்லாமல் போயிற்று. அதன் விளைவு முதலில் பிரசங்கத்தில்தான் தெரிந்தது. ஆராதனை தொடங்குமுன் அவர் கண்கள் காலி இருக்கைகளை எண்ணும். ஆட்கள் குறைந்த ஞாயிறுகளில் செய்தி கடிந்துகொள்ளுதலாக மாறும். வராதவர்கள்மேல் இருந்த வருத்தத்தை வந்தவர்கள் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அவர் வேதத்தைத் தவறாகப் போதித்ததில்லை. ஆனால் சபையின் எண்ணிக்கையே தம் மதிப்பு என்று உள்ளுக்குள் நம்பிவிட்டவர் கிருபையைப் பற்றிப் பேசினாலும் அதில் கணக்குக் கேட்கும் தொனி வந்துவிடுகிறது.

ஒரு ஞாயிறு, வாசித்த வசனத்தையே மறுபடியும் வாசித்துவிட்டு, பிரசங்க பீடத்தின் இரு ஓரங்களையும் பிடித்தபடி பேச்சற்று நின்றார். மூப்பர் ஒருவர் எழுந்து பாடலை அறிவித்தார். மருத்துவர் மனச்சோர்வு என்று கண்டறிந்து ஓய்வும் மருந்தும் பரிந்துரைத்தபோது, சபைக் கமிட்டியில் எழுந்த முதல் கேள்வி, "பாஸ்டருக்கு ஜெப ஜீவியம் குறைந்துவிட்டதா?" என்பது. அது இன்றும் என்னை வருத்துகிறது. நள்ளிரவிலும் கைப்பேசியில் அழைத்து ஜெபிக்கச் சொன்னவர்களில் ஒருவரும் அவர் உறங்கினாரா என்று விசாரித்ததில்லை.

ஜெபத்தைத் தாழ்த்தி மருந்தை உயர்த்துகிறேன் என்று சிலர் எண்ணக்கூடும், அப்படியல்ல. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், சாகவேண்டுமென்று கோரிய தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவர் திரும்பப் படுத்துக்கொண்டபோதும் பொறுத்திருந்து மீண்டும் உண்ணச் செய்தான். காலைமுதல் மாலைவரை தனியொருவராக நியாயம் விசாரித்த மோசேயிடம் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றவர் அவருடைய மாமனார் எத்திரோ. 1856-இல் லண்டனில் தாம் பிரசங்கித்த அரங்கின் நெரிசலில் ஏழு பேர் இறந்தபின் புகழ்பெற்ற ஆங்கிலேயப் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் கடும் மனச்சோர்வுக்கு உள்ளானார். தம் மாணவர்களிடம் அவர் தம் சோர்வை மறைக்கவில்லை. இவர்களை விசுவாசமற்றவர்கள் என்று யார் சொல்வார்?

ஓய்வு நாட்களில் என் கணவர் லூக்கா 3-ஆம் அதிகாரத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். இயேசு ஒரு பிரசங்கமும் செய்யுமுன், ஒரு நோயாளியையும் தொடுமுன், "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வானத்திலிருந்து உண்டாயிற்று. ஊழியத்துக்கு முன்பே அன்பு என்ற அந்த வரிசைதான் என் கணவரை மீட்டது என்று நான் நம்புகிறேன். இப்போது மருத்துவமனைச் சந்திப்புகளை மூப்பர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். மழையால் கூட்டம் குறைந்த ஞாயிறுகளிலும் அவர் வந்தவர்களின் முகம் பார்த்து நிதானமாகப் பேசுகிறார்.

நீங்கள் ஒரு சபையின் பொறுப்பை ஏற்குமுன், வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு ஓய்வுநாள், அன்று அவசர அழைப்புகளை யார் ஏற்பார் என்பதைக் கமிட்டியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.