குறைந்த செலவில் இரவில் காரை லைட் பெயிண்டிங் செய்து படம் எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். லைட் பெயிண்டிங் என்றால் இருட்டில் ஷட்டரைப் பல நொடி திறந்து வைத்து, கையில் விளக்கோடு நடந்து வண்டிக்கு வெளிச்சம் பூசுவது. "பழைய கேமராவும் கிட் லென்ஸும்தான் இருக்கிறது, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள கேமரா) இல்லாமல் இது சரிவராது என்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள், அதைப் படித்த கடுப்பில்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இப்படிச் சொல்ல ஊருக்கு ஒருத்தர் இருக்கிறார். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 1200டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். இருட்டில் ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 30 நொடி என்று திறந்துவிட்டால் வெளிச்சம் முழுக்க நம் கையில், இதில் கேமராவின் விலைக்கு என்ன வேலை? (விலையுயர்ந்த கேமரா வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நாய்ஸ் (படத்தில் விழும் பொடிப் புள்ளிகள்) குறைவாக இருக்கும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.)

நீங்கள் அநேகமாக டார்ச்சோடு ஆரம்பித்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். கார் பெயிண்ட் கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி, அதில் எந்த வெளிச்சம் தெரிகிறதோ அதைத்தான் படமாக எடுக்கிறோம். டார்ச் ஒரு புள்ளி, அதனால் கதவில் புழு நெளிந்த மாதிரி கோடு விழும். நீளமான விளக்காக இருந்தால்தான் பட்டை பட்டையாக, ஷோரூம் விளம்பரத்தில் வருவதுபோல வழுவழுவென்று வரும். எலக்ட்ரிக்கல் கடையில் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் சில நூறு ரூபாய்தான். ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும் அலுமினிய ப்ரொஃபைல் பால் நிற மூடியோடு கிடைக்கும், நாலடிக்கு வெட்டி ஸ்ட்ரிப்பை அதற்குள் ஒட்டுங்கள். அந்த மூடியை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் ஒவ்வொரு எல்இடியும் பாசிமணி கோத்ததுபோல பானெட்டில் தெரியும். கரன்ட்டுக்கு யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, தோளில் ஒரு பை. டிம்மர் வாங்காதீர்கள், மலிவான டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கும், நடக்கும்போது கோடு துண்டு துண்டாக விழும்.

நான் உருப்படியாக எடுத்தது பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் கான்டெஸாவை. கறுப்பு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2002-இல் நிறுத்திய வண்டி, மாமா அதைத் தினமும் துடைப்பார், அத்தைக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. நீள பானெட், தட்டையான பக்கவாட்டு, லைட் பெயிண்டிங்குக்கு அதைவிடத் தோதான உடம்பு இந்திய சாலையில் குறைவு என்பது என் கட்சி. அம்பாசிடர் ரசிகர்கள் மன்னிக்கவும், அந்த உருண்டைத் தோளில் கோடு எங்கெங்கோ வளைந்து ஓடிவிடும், அழகுதான், ஆனால் பழகுகிறவர்களுக்குப் பாடு. இடம், தோப்புக்குள் தேங்காய்ப் பருப்பு காயப்போடும் சிமென்ட் களம். சமதளம், சுற்றிலும் தென்னை, ஒரு தெருவிளக்கு கிடையாது.

"ஏன் மாப்ள, இத்தனை இருட்டுல வண்டியே தெரியலியே, என்னத்த எடுப்பீங்க?" என்று மாமா களத்து ஓரத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் நம்பர் பிளேட்டில் ஃபோகஸ் வைத்து, லென்ஸை மேனுவலுக்குத் தள்ளினேன். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். இரண்டு நொடி டைமர் போட்டால் ரிமோட் வாங்கும் செலவும் மிச்சம். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் 30 நொடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 30 நொடி கேமரா தன்பாட்டுக்கு உட்கார்ந்துகொள்ளும்.

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விளக்கை வண்டிப் பக்கமாகத் திருப்பி, ப்ரொஃபைலின் முதுகு கேமராவைப் பார்க்கும்படி பிடித்து, பம்பரிலிருந்து டிக்கி வரை நிற்காமல் ஒரே சீராக நடக்க வேண்டும். நின்றால் நீங்கள் ஆவியாகப் படத்தில் வருவீர்கள். கதவு வெளிறிப்போனால் நடையை வேகப்படுத்துங்கள், வானம் வெளிறிப்போனால் ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். இந்த இரண்டும் தனித்தனி என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பக்கவாட்டுக்கு ஒரு படம், கூரைக்கு மேலே பிடித்து ஒன்று, பானெட்டுக்கு ஒன்று, சக்கரங்களுக்கு ஒன்று, கடைசியாக பார்க்கிங் லைட்டை ஒரு கணம் போட்டு அணைத்து ஒன்று. ஹெட்லைட்டை 30 நொடியும் எரியவிட்டால் முகமே வெள்ளையாகிவிடும். இந்த லைட்டைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு: கதவைத் திறந்து உட்கார்ந்தாலே சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும், அப்புறம் முந்தைய படங்களோடு பொருந்தாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கிம்ப்பில் அடுக்கி, லைட்டன் ஒன்லி என்று கொடுத்தால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சமான பகுதி மட்டும் மேலே வரும். இலவச மென்பொருள், பைசா செலவில்லை. "அது ஏமாற்று வேலை, ஒரே ஷாட்டில் எடுப்பதுதான் கலை" என்று கீழே ஒருவர் எழுதப்போகிறார் என்று தெரியும். எடுங்கள் ஐயா, யார் வேண்டாம் என்றது.

ரோட்டோரத்தில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள். அதற்கு முன்பு உடுமலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில் போட்டுப் பார்த்தோம், வந்த வண்டியெல்லாம் ஹைபீம், அதுவும் வெளியில் வாங்கிப் பொருத்திய வெள்ளை எல்இடி. டிம் அடிப்பதை இந்த ஊரில் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிட்டார்களா? எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது. நாம் டிம் செய்து காட்டினால் பதிலுக்கு இன்னும் இரண்டு ஃபாக் லேம்ப்பைப் போடுகிறார்கள். படம் போனால் மறுபடி எடுக்கலாம், ராத்திரியில் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும் பெண்கள் என்ன செய்வார்கள்? சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

செலவில் ட்ரைபாடுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், காற்றுக்கு ஆடும் ட்ரைபாடை வைத்து அஞ்சு படத்தை அடுக்க முடியாது. கேமராவே இல்லையென்றாலும் பரவாயில்லை, இப்போது பல ஆண்ட்ராய்டு போன்களில் ப்ரோ மோடில் 30 நொடி வரை வைக்கலாம். களம் கிடைக்காத டவுன்காரர்கள் கல்யாண மண்டபத்து பார்க்கிங்கைக் கேட்டுப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, இடம் காலியாகக் கிடக்கும், மேனேஜரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் வாசல் விளக்குகளையும் அணைத்துக் கொடுப்பார்கள்.