நீண்ட பகலைத் தனியே கொண்டாடுவது: கேள்வி பதில்

இயற்கையை வழிபடும் பேகன் வழியில் குழு எதிலும் சேராமல் தனியே நடப்பவர்கள், ஆண்டின் மிக நீண்ட பகலான கோடைக் கதிர்த்திருப்பத்தைப் பற்றிக் கேட்டவை இவை. நானும் பல ஆண்டுகளாகத் தனியே செய்பவள்தான்.

அக்கா, சரியாக எந்த நாள்?

வட அரைக்கோளத்தில் ஜூன் 20 முதல் 22-க்குள் வரும். பெரும்பாலும் 20 அல்லது 21. தென் அரைக்கோளத்தில் இருந்தால் உங்கள் கோடைத் திருப்பம் டிசம்பரில். புத்தகத்தில் ஜூன் என்று இருக்கிறதே என்று கடுங்குளிரில் கோடை விழா எடுக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் இருக்கும் சூரியனைப் பின்பற்றுங்கள்.

அன்று எனக்கு வேலை. இரண்டு நாள் கழித்துச் செய்தால் பலன் போய்விடுமா?

போகாது. திருப்பத்தை ஒட்டிய சில நாட்கள் சூரியன் உதிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவு நகராது. சூரியன் நிற்பது என்ற பொருளில்தான் லத்தீனில் இந்த நாளுக்குப் பெயரே வந்தது. அது நமக்காகக் காத்து நிற்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த விழாவை லித்தா என்கிறார்களே, அது பழங்காலத்துப் பெயரா?

பாதி உண்மை. ஆங்கிலோ-சாக்சன் மக்கள் ஜூன், ஜூலை மாதங்களை அப்படி அழைத்ததாக 725-இல் பீட் என்ற துறவி எழுதிவைத்தார். அதை இந்த விழாவின் பெயராக்கியவர் ஐடன் கெல்லி என்ற அமெரிக்க பேகன் எழுத்தாளர், 1970-களில். எட்டு விழாக்கள் கொண்ட ஆண்டுச் சக்கரமும் இருபதாம் நூற்றாண்டில் உருவான அமைப்புதான். இதைச் சொன்னால் சிலர் வருந்துகிறார்கள். வருந்த வேண்டாம், வழிபாடு புதிது, சூரியன் பழையது.

குழு இல்லை, பீடம் இல்லை, மந்திரமும் தெரியாது. நான் என்னதான் செய்வது?

இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசை. ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். தினமும் ஒரே இடத்தில் நின்று, சூரியன் எந்த மரத்துக்கு, எந்தக் கூரைக்கு நேராக எழுகிறது என்று குறித்து வையுங்கள். விடிந்து ஏறிய சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம். முதல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே போதும்.

விழா நாளில் விடியுமுன் எழுந்து அதே இடத்துக்குப் போங்கள். வெளிச்சம் முகத்தில் படும்போது, இந்த அரையாண்டில் உங்களிடம் வளர்ந்தது எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொந்த வார்த்தைகள் போதும். மனதுக்குள் சொல்வதும் காதில் விழச் சொல்வதும் ஒன்றல்ல. தனியாக இருப்பவருக்கு அவர் குரலேதான் சாட்சி.

மாலையில் மறுபாதி. நாளையிலிருந்து பகல் குறையும். இனி எதைக் கைவிடப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்தி சாயும்வரை வைத்திருந்து, விளக்கேற்றி எரித்துவிடுங்கள். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போதே அது குறையப் போவதை ஏற்றுக்கொள்வதுதான் இந்த விழாவின் உயிர். பலரும் காலையோடு முடித்துக்கொள்வது எனக்கு வருத்தம்.

விடுதி அறையில் தீ மூட்ட அனுமதி இல்லை.

மூட்டாதீர்கள். பேட்டரி மெழுகுவத்தி போதும். தாளைக் கிழித்து மண்ணில் புதையுங்கள். கிண்ணத்தில் நீர் எடுத்து நண்பகல் வெயிலில் வைத்து, அதில் கைகளை நனைத்துக்கொள்வதும் நல்ல சடங்கு.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பூவில் தேநீர் குடிக்கலாமா? மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன்.

கூடவே கூடாது. ஜூன் 24 புனித யோவான் (செயின்ட் ஜான்) திருநாளை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். இந்த விழாவுக்கு உரிய பூவும்தான். ஆனால் அந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் உடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். கருத்தடை மாத்திரை, சில ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளின் வேலையையும் குறைத்துவிடும். பூவை ஜன்னலோரம் வையுங்கள், பார்த்து மகிழுங்கள்.

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போகாதது குறையாகத் தோன்றுகிறது.

அங்கே கூடுகிறவர்களும் திரும்பி நிற்பது வடகிழக்கில் எழும் சூரியனை நோக்கித்தான். நீங்கள் நாள்தோறும் குறித்து வைத்த அந்த மரமோ கூரையோ, அது உங்கள் கல்.