பனிக்காலம் முடிந்ததும் ஒன்ராறியோ வீதிகள் ஏன் இப்படி உடைகின்றன? நம்மால் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பள்ளத்தைக் கண்ட அன்றே நகரசபைக்குச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் என்றால் 311 என்ற தொலைபேசி இலக்கம். ஏன் அன்றே என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தாரில் உள்ள வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிறது. உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து வெடிப்பை விரிக்கிறது. பகலில் உருகி இன்னும் ஆழமாகப் போகிறது, இரவில் மறுபடி உறைகிறது. அதனால் எல்லாம் விறைத்துக் கிடக்கும் ஜனவரியைவிட, பகலில் 5 டிகிரி, இரவில் மைனஸ் 5 என்று மாறி மாறி வரும் மார்ச்தான் வீதிக்குக் கெட்ட காலம்.

இதைவிடப் பெரிய சேதம் வெளியே தெரியாது. நிலம் மேலிருந்துதான் இளகத் தொடங்கும். அடியில் இன்னும் உறைந்திருப்பதால் உருகிய நீர் வடிய வழியில்லாமல் தாருக்குக் கீழே தேங்கிவிடும். வீதியைத் தாங்கும் கல்லும் மண்ணும் ஊறிப்போன பிஸ்கட் போல ஆகிவிடும். அப்போது ஒரு கனமான லொறி ஏறினால் மேலே உள்ள தார் வளைந்து நொறுங்கும்.

இதற்காகத்தான் நகருக்கு வெளியே பல வீதிகளில் 'ஹாஃப் லோட்' பலகை வைக்கிறார்கள். அந்த வீதிகளில், பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும், ஓர் அச்சுக்கு 5,000 கிலோவுக்கு மேல் பாரம் கூடாது. தீயணைப்பு வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. வீடு கட்டுகிறவர்கள் இதைத் திட்டுவார்கள். வேலை தள்ளிப்போவது கஷ்டம்தான். ஆனால் அந்த இரண்டு மாதம் பொறுக்காவிட்டால், பள்ளம் மூடும் செலவோடு போகாது, அடித்தளத்தையே தோண்டிப் போடவேண்டிவரும். அது எல்லோருடைய வரிப்பணம். என்னைக் கேட்டால் இது மிக நியாயமான விதி.

'மூடிய பள்ளம் சில நாளிலேயே திறந்துவிட்டது, ஒழுங்காக வேலை செய்வதில்லை' என்று பலரும் சொல்வார்கள். சூடான தார்க்கலவை தயாரிக்கும் ஆலைகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். அவை திறக்கும்வரை கையில் இருப்பது சூடாக்காமலே போடும் குளிர்கலவைதான். ஈரமான குழியில் அது சரியாக ஒட்டாது. வாகனங்கள் உரசிக்கொண்டு போகும் வீதியில் நின்று அதைக் கொட்டி இறுக்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, ஏன் அன்றே சொல்லவேண்டும்? ஒன்ராறியோவின் பராமரிப்பு விதிப்படி, பள்ளம் 8 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாகவும் குறிப்பிட்ட பரப்புக்கு மேலும் இருந்தால், போக்குவரத்து மிகுந்த வீதிகளில் 4 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். வாகனம் குறைந்த வீதிகளில் 30 நாள் வரை போகலாம். இந்தக் கணக்கு தொடங்குவது பள்ளம் விழுந்த நாளிலிருந்து அல்ல, நகரசபைக்கு அது தெரியவந்த நாளிலிருந்து. 'யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று எல்லோரும் கடந்து போனால் கணக்கே தொடங்காது. பக்கத்து வீட்டு இலக்கம், எந்தப் பக்க ஓடுபாதை, ஒரு படம், இவ்வளவு போதும்.

அப்புறம், வீட்டு முன்னால் உள்ள வடிகால் மூடியில் இலையோ பனியோ அடைத்திருந்தால் தள்ளிவிடுங்கள். தேங்காத தண்ணீர் தாருக்குள் இறங்காது.

ரயரோ ரிம்மோ ஏற்கெனவே உடைந்துவிட்டதா? இழப்பீடு கேட்க, சம்பவம் நடந்து 10 நாளுக்குள் நகரசபையின் கிளார்க்குக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். திருத்திய பற்றுச்சீட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அதைப் பிறகு அனுப்பலாம்.