பக்கத்துப் பள்ளியா, வேப்பூர்ப் பள்ளியா?

கேள்வி: இடைநிலை ஆசிரியர் நியமனக் கலந்தாய்வுக்குப் போகிறேன். காலியிடப் பட்டியலில் இரண்டு தொடக்கப் பள்ளிகளைக் குறித்திருக்கிறேன். கடலூரை ஒட்டிய பள்ளியில் 62 பிள்ளைகள், 3 பணியிடம். வேப்பூர்ப் பக்கக் கிராமத்தில் 48 பிள்ளைகள், 2 பணியிடம். கைக்குழந்தை இருப்பதால் பக்கத்துப் பள்ளியையே எடு என்கிறார்கள் வீட்டில். எதை எடுக்க?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: சகோதரி, தூரத்துக்கு முன்னால் அந்த 62-ஐப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால்தான் மூன்றாமவர். ஐந்தாம் வகுப்பில் 15 பேர் முடித்துப் போய், ஒன்றாம் வகுப்பில் 10 பேர் சேர்ந்தால் 57. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம், அதாவது பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு, செய்யும்போது ஒருவர் உபரி. உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் பெரும்பாலும் கிளம்புவது கடைசியாகச் சேர்ந்தவர், அதாவது நீங்கள். எனவே தலைமை ஆசிரியரிடம் ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர், அங்கன்வாடியிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று கேளுங்கள். தெருவுக்குள் தனியார் பள்ளி வேன் எத்தனை வருகிறது என்றும் பாருங்கள்.

வேப்பூர்ப் பள்ளியில் அந்தப் பயம் இல்லை. 48-க்கு இரண்டு பணியிடமும் நிற்கும். அங்கே சிக்கல் பேருந்து. விருத்தாசலத்தில் ஒன்று, வேப்பூரில் ஒன்று என மாறி, இறங்கி நடந்து, தினமும் கடலூரிலிருந்து போய்வர முடியாது. ஈராசிரியர் பள்ளியில் நீங்கள் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். எடுப்பதானால் விருத்தாசலத்தில் வீடு பார்த்துக் குடியேறுங்கள். ஒரு திங்கட்கிழமை அங்கிருந்து முதல் பஸ்ஸில் போய், கடைசி மைல் எப்படியென்று நடந்தே பாருங்கள்.

சாலையும் மின்சாரமும் பார்த்து ஊர் கேட்பது தவறில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு ஆசிரியர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். இன்னொரு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் 2006-ல், பிரதான சாலையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பாலுள்ள, எட்டாக்கையான பகுதிப் பள்ளிகளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 முதல் 40 சதவீதம் தனிப்படி கொடுத்தார்கள். தகுதி பெற்ற ஆசிரியர்கள் அங்கே கூடினார்கள். நம் சமவெளிக் கிராமத்துக்கு அப்படியொரு படி கிடையாது. வாடகையும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கான செலவும் உங்கள் சம்பளத்திலிருந்துதான். அந்தக் கணக்கு ஒத்துவந்தால் வேப்பூரை எடுங்கள். குடியேற முடியாதென்றால் வேண்டாம். பாதி நாள் ஆசிரியர் இல்லாத வகுப்பு அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு.

கலந்தாய்வில் உங்கள் தரவரிசை எண் வருமுன் இரண்டு இடமுமே போய்விடலாம். விருத்தாசலம் சாலையோரப் பள்ளிகள் நாலைந்தையும் இதே கணக்கில் அலசிக் கையோடு வைத்திருங்கள். தேர்ந்து, ஆணை வாங்கிய பிறகு மாற்றித் தர மாட்டார்கள்.