தெருவில் ஓடும் தண்ணீருக்கும் நான்தான் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் பழைய வரிசை வீடு ஒன்றில் சொந்தமாகக் குடியிருக்கிறோம். வாசலை ஒட்டிய நடைபாதையில் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தண்ணீர் ஊறி வழிகிறது. தண்ணீர் நிறுவனத்திடம் பலமுறை தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. ஒருவர் வந்து தரையில் நீல வண்ணத்தில் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான். இதற்கிடையே எங்கள் மீட்டர் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. நிறுவனத் தலைவர்களோ லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். கட்டணத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வழக்கில் சேர்த்துப் பணம் வாங்கித் தருவதாக ஒருவர் படிவத்தோடு வந்தார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். கட்டணத்தையும் நிறுத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பணம் கட்டவில்லை என்பதற்காக ஒரு குடும்பத்தின் தண்ணீரை நிறுத்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் பலர் நிறுத்துகிறார்கள். ஆனால் நிறுவனம் நீதிமன்றம் போகும். சி.சி.ஜே. எனப்படும், கடன் பாக்கிக்கான நீதிமன்றத் தீர்ப்பு உங்கள் பெயரில் பதிவானால் ஆறு ஆண்டுகளுக்கு வீட்டுக் கடன் முதல் கைப்பேசி ஒப்பந்தம் வரை எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும். தலைமைச் செயல் அதிகாரிக்கு அதனால் ஒரு பென்னி நஷ்டமில்லை. தொகையில் சந்தேகம் இருந்தால், எந்தப் பகுதியை ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கமாகக் கட்டும் அளவைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

இனி கசிவு. முதலில் பவுண்டைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 123 பவுண்டு உயர்ந்தது. அது கசிவல்ல, விலை. போன ஆண்டு ரசீதையும் இந்த ஆண்டு ரசீதையும் அருகருகே வைத்து, எத்தனை கன மீட்டர் என்று ஒப்பிடுங்கள். மீட்டரைப் படித்து எழுதினார்களா, உத்தேசமாகப் போட்டார்களா என்பதும் ரசீதிலேயே இருக்கும்.

கன மீட்டரும் ஏறியிருந்தால், வீட்டில் எல்லோரும் தூங்கப் போன பிறகு வீட்டுக்குள் இருக்கும் மெயின் வால்வை மூடிவிட்டு, நடைபாதையில் உள்ள மீட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டர். சிவப்பு எண்கள் லிட்டர். வால்வு மூடிய பின்னும் சிவப்பு எண் நகர்ந்தால் மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்கடியில் ஒழுகுகிறது. நின்றுவிட்டால் ஒழுக்கு வீட்டுக்குள். பெரும்பாலும் கழிப்பறை ஃபிளஷ் தொட்டிதான். சத்தமில்லாமல் நாளொன்றுக்கு 200 முதல் 400 லிட்டர் வரை அதில் போகும். உலர்ந்த டிஷ்யூ காகிதத்தைக் கோப்பையின் பின்சுவரில் ஒட்டிவைத்தால் காலையில் தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்குக் காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கருவியைக் காட்டி மிரட்டுவார்கள், நம்பாதீர்கள்.

தெருவில் வழிவது மீட்டருக்கு முந்தைய தண்ணீராக இருந்தால் அது உங்கள் கணக்கில் ஏறாது. பெருங்குழாயிலிருந்து உங்கள் எல்லை வரை உள்ளது நிறுவனத்தின் பொறுப்பு; எல்லையிலிருந்து உள்ளே வருவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. உங்கள் பக்கத்துக் குழாய் என்று தெரிந்தால் உடனே சரிசெய்யுங்கள். முதல் தடவை, சீக்கிரம் அடைத்துவிட்டீர்கள் என்றால், வீணான தண்ணீருக்கான தொகையைக் கழித்துத் தருவார்கள். அதற்கு விண்ணப்பம் இலவசம்.

பழைய வரிசை வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். விக்டோரியா காலத்து வீடுகளில் நான்கைந்து வீட்டுக்கு ஒரே குழாய் போட்டிருப்பார்கள். அது தெருவிலிருந்து ஓரிடத்தில் திரும்பி, பின்கட்டு வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை பிரிந்து போகும். அப்படியானால் ஒழுகும் இடம் உங்கள் தோட்டத்துக்கு அடியில் இருந்தாலும் செலவு உங்களுடையது மட்டுமல்ல. அந்தக் குழாயில் தண்ணீர் பெறும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. நேர்மாறாக, ஐந்தாவது வீட்டின் அடியில் ஒழுகினாலும் நீங்கள் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்தால் உங்கள் வீட்டில் வேகம் குறைகிறதா? தெருவில் உள்ள வெளி வால்வை மூடினால் உங்கள் வீட்டோடு பக்கத்து வீட்டிலும் தண்ணீர் நிற்கிறதா? நின்றால் பொதுக் குழாய்தான். இதைச் செய்யாமல், வாசலில் வந்து நிற்கும் முதல் பிளம்பரிடம் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பிறகு பக்கத்து வீடுகளில் போய்ப் பங்கு கேட்காதீர்கள். யாரும் தர மாட்டார்கள். முதலில் நிறுவனத்திடம், இது பொதுக் குழாயா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் எல்லா வீட்டாருக்கும் அதன் நகலைக் கொடுத்து, சேர்ந்து ஒரே பிளம்பரை அழையுங்கள்.

இப்போது நிறுவனத்தின் பக்கம். நீங்கள் செய்த தவறு ஒன்றே ஒன்று: எல்லாவற்றையும் தொலைபேசியில் சொன்னது. அது காற்றோடு போய்விடும். தேதி போட்ட புகைப்படத்தோடு எழுத்துப் புகார் அனுப்புங்கள். பத்து வேலை நாளுக்குள் பதில் தராவிட்டால் அவர்கள் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். இத்தகைய இழப்பீட்டுத் தொகைகள் 2025 ஜூலை முதல் இரட்டிப்பு அல்லது அதற்கும் மேல் ஆகியிருக்கின்றன. எட்டு வாரத்தில் தீராவிட்டால் சி.சி.டபிள்யூ. என்ற தண்ணீர் நுகர்வோர் அமைப்பு. அங்கும் தீராவிட்டால் வாட்டர்ஸ் என்ற நடுவர் திட்டம். வீட்டு வாடிக்கையாளருக்கு 10,000 பவுண்டு வரை அது வழங்க முடியும். தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும், பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம். எந்தப் படிக்கும் கட்டணமில்லை. ‘புகார் எழுதித் தருகிறோம், கிடைப்பதில் பங்கு கொடுங்கள்’ என்று சொல்பவர் உங்கள் பணத்தில் கை வைக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கசிந்த தண்ணீர் உங்கள் நிலவறைக்குள் புகுந்து சேதம் செய்திருந்தால் கதை வேறு. 1991ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தொழில் சட்டத்தின் 209ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் குழாயிலிருந்து வெளியேறிய தண்ணீரால் வந்த சேதத்துக்கு அது பொறுப்பு. அலட்சியம் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் ஆயுதமும் உண்டு. தனியார் நிறுவனங்களாக இருந்தாலும் தண்ணீர் நிறுவனங்கள், பொது அமைப்புகளிடம் தகவல் கேட்டுப் பெற வழிசெய்யும் சுற்றுச்சூழல் தகவல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பாய முடிவு அதை உறுதி செய்தது. “இந்தத் தெருவில் இந்தக் கசிவு முதலில் பதிவான தேதி என்ன, எந்த முன்னுரிமை தரப்பட்டது, பழுது நீக்க எந்தத் தேதி குறிக்கப்பட்டது” என்று மூன்று வரி எழுதுங்கள். வழக்கமாக இருபது வேலை நாளில் பதில் தர வேண்டும். கடிதம் போன வாரத்திலேயே தோண்ட ஆள் வருவதுண்டு!

தலைவர்களின் சம்பளம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நேராகச் சொல்கிறேன்: உங்கள் புகார் அதை ஒரு பவுண்டுகூடக் குறைக்காது. 1989இல் கடனையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் அரசு இந்த நிறுவனங்களை விற்றது. 2025இல் லண்டனின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் ஒன்றின் கடனே சுமார் 1,700 கோடி பவுண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விநியோகிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே ஒழுகிப்போகிறது. 2025இல் புதுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 6 முதல் தேம்ஸ், யார்க்‌ஷர், சதர்ன் உள்ளிட்ட ஆறு நிறுவனங்களின் உயர் அதிகாரிகளுக்குப் போனஸ் தடை. ஆனால் தடை செயல்பாட்டுக்கான போனஸுக்கு மட்டும்தான். அடிப்படைச் சம்பளத்துக்கு வரம்பே இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் தேம்ஸ் வாட்டரின் 21 மேலாளர்களுக்கு ஏறக்குறைய 25 லட்சம் பவுண்டு போனது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தக்கவைப்புத் தொகை’. யார்க்‌ஷர் வாட்டர் தலைமைச் செயல் அதிகாரிக்குத் தாய் நிறுவனம் வழியாக 13 லட்சம் பவுண்டு போனதும் பின்னர் வெளியே வந்தது. அணையில் ஒரு மதகை மூடினால் இன்னொன்று திறக்கிறது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்வாட் தேம்ஸ் வாட்டருக்கு 2025 மே மாதம் 12.27 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. ஜூலையில் அந்த ஆஃப்வாட்டையே கலைக்கப்போவதாக அரசு அறிவித்தது. பெயர்ப் பலகையை மாற்ற இத்தனை பரபரப்பு. உங்கள் தெருவில் குழி தோண்ட ஒரு மாதமாக ஆளில்லை.

சம்பளத்துக்கு இடம் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மேசைதான். நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் இயக்குநர் ஊதியப் பக்கமும் கசிவு இலக்குப் பக்கமும் இருக்கும். இரண்டையும் நகலெடுத்து, உங்கள் புகார் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். வெறும் கோபக் கடிதம் குப்பைக்குப் போகும். புகார் எண் உள்ள கடிதத்தை அவர் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்.

கடைசியாக அந்தப் படிவம். கழிவுநீர் வெளியேற்றத்தைக் குறைத்துக் காட்டி அதிகக் கட்டணம் வாங்கினார்கள் என்று ஆறு நிறுவனங்கள் மீது ஒரு பேராசிரியர் தொடுத்த கூட்டு வழக்கை, 2025 மார்ச்சில் போட்டிச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்க மறுத்தது. அது கசிவு பற்றியதே அல்ல. அதில் வாடிக்கையாளர் கையெழுத்திடவும் தேவையில்லை, விலகாதவர்கள் தாமாகவே சேர்க்கப்படுவார்கள். ஆகவே வாசலில் வந்தவர் எந்த வழக்கைச் சொல்கிறார், வழக்கு எண் என்ன, எந்த வழக்கறிஞர் நிறுவனம் என்று கேளுங்கள். பதில் வராது. வங்கி விவரம், ரசீது நகல் எதையும் தராதீர்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பதறாதீர்கள். வாசலில் வந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். அந்த உரிமையை அவர் எழுத்தில் தெரிவிக்கவே இல்லையென்றால் அவகாசம் ஓராண்டு வரை நீளும். ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.