போர்டு மாட்டும் முன்: கிளினிக்கல் சைக்காலஜி கேள்விகள்

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டேன். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டலாமா?

கூடாது. அந்தப் பெயருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், சிறையும் அதே வரியில்தான் இருக்கிறது.

அந்தப் பதிவுக்கு வழியான எம்.ஃபில். படிப்பு நின்றுவிட்டதாமே?

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, 2022 விதிமுறைகளில் நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை விலக்குக் கொடுத்தது. இனி எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், அந்தக் கல்லூரிக்கு அந்த ஆண்டு ஆர்சிஐ அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தமிழ் வழியில் படித்தவள் நான். வகுப்பில் ஆங்கிலத்தில் திணறுகிறேன். பின்னால் பாடம் நடத்தும் ஆசையும் இருக்கிறது.

ஆங்கிலம் ஓராண்டில் பழகிவிடும். ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், உங்களுக்குத்தான் லாபம். வருகிறவர்கள் யாரும் 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'நெஞ்சு படபடங்குது', 'தலை பாரமா இருக்கு', 'யாரோ செய்வினை வெச்சுட்டாங்க' என்பார்கள். என் மாணவர் ஒருவர் கேஸ் ஷீட்டில் 'டிப்ரஸ்டு மூட்' என்று எழுதி வந்தார். நோயாளி அம்மா என்ன சொன்னார் என்றேன். நினைவில்லை என்றார். திரும்பப் போய்க் கேட்டு வந்தார்: 'அடுப்பு பத்தவைக்கக்கூடப் பிடிக்கலைப்பா.' சரி, இப்போது 'எப்போதிருந்து, சமைப்பது யார், அவர் சாப்பிடுகிறாரா' என்று பத்துக் கேள்வி பிறக்கிறதல்லவா? முதலில் நோயாளியின் சொல், பக்கத்தில் கலைச்சொல். இப்படியே எழுதிப் பழகுங்கள். நாளைக்கு நீங்கள் நடத்தப்போகும் பாடத்துக்கு அந்த நோட்டுதான் சரக்கு.

வேலைக்குத் தகுதி என்றால், உதவிப் பேராசிரியராகப் பொதுவாக முதுகலையில் 55 சதவீதமும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். ஆனால் நோயாளி பார்ப்பதை விட்டுவிட்டு நடத்துகிறவரின் வகுப்பு சீக்கிரம் வறண்டுவிடும். வாரம் ஒரு நாளாவது ஓ.பி.யில் உட்காருங்கள்.

வயது 39. வங்கி வேலை. இப்போது ஆரம்பிக்கலாமா?

வயது தடையில்லை, நேரம்தான் தடை. முதுகலையும் அதற்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியுமாகப் பல வருடம் ஆகும். பயிற்சியைப் பகுதிநேரமாகச் செய்ய முடியாது. நீண்ட விடுப்புத் தருவார்களா என்று முதலில் மேலாளரிடம் கேளுங்கள், அப்புறம் விண்ணப்பம் வாங்கலாம்.