வியாழன் பின்னேரத்துக்கு மண்டபம் எதற்கு?

அண்ணை, வணக்கம்.

நான் கிளிநொச்சி மாவட்டம் முரசுமோட்டைப் பெடியன். இப்போது லண்டனில், ஹரோ பக்கம். நாங்கள் சைவம். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மெதடிஸ்த தேவாலயம் இருக்கிறது. செவ்வாய் காலையில் அங்கே கைக்குழந்தைகளோடு தாய்மார் கூடுவார்கள். என் மனைவியும் சின்னவளைக் கொண்டுபோகிறாள். புதனில் வயதானவர்கள் கோப்பி குடிக்க வருவார்கள். 2022 குளிர்காலத்தில் மின்சாரம், காஸ் விலை ஏறியபோது, வீட்டில் ஹீற்றர் போடப் பயந்தவர்கள் வந்து இருக்கவென்று இன்னொரு நாளும் திறந்தார்கள். தேத்தண்ணி ஊற்றுவது, கதிரை அடுக்குவது எல்லாம் தொண்டர்கள். பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள். என்ன மதம் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை.

ஊரில் தனியே இருக்கும் முதியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். என் அம்மாவும் தனியேதான். கமரா பூட்டியிருக்கிறேன். வேலை இடத்திலும் போனில் பார்ப்பேன். விறாந்தையில் இருப்பார், எழும்பிப் படலை வரை போவார், திரும்பி வந்து இருப்பார். முப்பது வருசம் படிப்பித்தவர். இங்குள்ள ஊர்ச் சங்கத்தில் கதைத்து ஒரு மண்டபத்துக்குக் காசு சேர்க்கலாம் என்றிருக்கிறோம். இது வன்னியில் சரிவருமா? தேவாலயத்தோடு சேர்ந்து செய்தால் மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று சனம் சொல்லாதா? இவ்வளவு தொண்டு நிறுவனங்கள் வந்துபோன இடத்தில் இது மட்டும் என்ன புதிது?

சி., ஹரோ

அன்புள்ள தம்பி,

மண்டபம் வேண்டாம். காசு சேர்க்கத் தொடங்கினால் பிறகு நிறுத்தக் கஷ்டம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். 2009க்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எழும்பிய பொதுக் கட்டடங்களுக்குக் குறைவில்லை. முகப்பில் பளிங்குக் கல், கல்லில் திறந்துவைத்தவரின் பெயர், கதவில் ஆமைப்பூட்டு. திறப்பு யாரிடம் என்று கேட்டால் மூன்று பேரைக் கைகாட்டுவார்கள். மூன்று பேரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். நீங்கள் ஹரோவில் கண்ட தேவாலயம் மண்டபத்தைக் கட்டிவிட்டு ஆக்களைத் தேடவில்லை. ஞாயிறு ஆராதனைக்கென்று ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை மற்ற நாளிலும் திறந்துவிட்டது, அவ்வளவுதான். எங்களிடமும் சனசமூக நிலையம் இருக்கிறது, அறநெறி வகுப்பு நடக்கும் கொட்டகை இருக்கிறது, தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓய்வுநாட் பாடசாலைக்கென்று போட்ட தகரக் கொட்டில் இருக்கிறது. வியாழன் பின்னேரம் இரண்டு மணிக்கு அங்கே யார் போய் நிற்பார் என்பதுதான் கேள்வி.

மெதடிஸ்தரிடம் இது எப்படித் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஆட்கள் கட்டிய கூட்டமண்டபத்தின் கடன் அடைபடாமல் கிடந்தது. கவனித்தீர்களா, அங்கும் சிக்கல் மண்டபத்தால்தான் வந்தது! ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் தீர்க்கலாம் என்றார் கப்டன் ஃபோய் என்ற ஒருவர். ஏழைகளால் அதுவும் ஏலாதே என்று மற்றவர்கள் சொல்ல, அப்படியானால் மிக ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரம் ஒருதரம் வீட்டுக்குப் போவேன், ஏலாதவர்களின் பங்கை நானே போடுகிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்தார்கள். வீடுவீடாகப் போனபோதுதான் யார் வருத்தத்தில் கிடக்கிறார், யார் குடித்துக் கெடுகிறார், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரியவந்தது. கடன் அடைப்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது. பிறகு வீடுவீடாகப் போவதை விட்டு, அந்தப் பன்னிரண்டு பேரும் வாரத்தில் ஒரு நாள் ஓரிடத்தில் கூடத் தொடங்கினார்கள். அதற்கு வகுப்பு என்று பெயர். அதை நடத்தியவர்கள் குருமார் அல்லர், சாதாரண உறுப்பினர்கள். குருவானவரைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுவது அந்தச் சபையின் வழக்கம். ஊரோடு நிற்பவர்கள் இந்தத் தொண்டர்கள்தான். உங்கள் தேவாலயத்தில் கதிரை அடுக்கும் கிழவியும் அந்த வரிசையில் வருபவர்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், வாரம் ஒருமுறை ஆள் வந்து படலையைத் தட்டுவது எங்கள் பெண்களுக்கு வேறு விதமாகப் பழக்கம் என்பதுதான். நுண்கடன். ஒரு வீட்டு மாமரத்துக்குக் கீழே பெண்களெல்லாம் கூடவேண்டும், மோட்டார் சைக்கிளில் கம்பனிப் பெடியன் வருவான், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டினால்தான் எழும்பிப் போகலாம். புருசனைப் பறிகொடுத்தவர்கள், தேடிக்கொண்டிருப்பவர்கள், கோழி வளர்க்க எடுத்த கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தவர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசே பொறுப்பேற்க வேண்டி வந்தது. அதே வெஸ்லி 1746இல் ஏழைகளுக்கென்று ஒரு கடன்நிதியும் தொடங்கினார். ஆளுக்கு இருபது சிலிங் வரை, மூன்று மாதத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டும். வாராந்தக் கூட்டமும் சிறுகடனும் ஒரே கையில் இருந்த காலம் அது. எங்களுக்கு வந்து சேர்ந்தது கடன் பாதி மட்டும். ஆகவே குழுவாக இருப்போம் வாருங்கள் என்று கூப்பிட்டால் எங்கள் பெண்கள் முதலில் கேட்பது, எதில் கையெழுத்து வைக்கவேண்டும் என்பதாகத்தான் இருக்கும். ஒன்றிலும் வேண்டாம் என்பதை அவர்கள் நம்பச் சில மாதங்கள் எடுக்கும். ஊர்ச் சங்கத்துக்காரருக்கு அந்தப் பொறுமை இருக்குமா என்று முதலே கேட்டு வையுங்கள்.

சரிவருமா என்றால், வரும். கண்டிருக்கிறேன். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் றோட்டில் ஒரு சின்னத் தேவாலயம், ஊர்ப் பெயர் வேண்டாம். வாரத்தில் ஒரு பின்னேரம் வயதானவர்கள் வருகிறார்கள். ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவரும், அவருடைய மச்சாளும், ஓட்டோ ஓடும் ஒரு தம்பியும்தான் நடத்துகிறார்கள். சீனி ஹோர்லிக்ஸ் போத்தலில் இருக்கும். இஞ்சி இடித்துப் போட்ட பிளேன்ரீ, அவித்த கச்சான் அல்லது கடலை. ஒரு கரம் போர்ட். அதைச் சுற்றி நடக்கும் சண்டையைக் கேட்டால் எண்பது வயது என்று சொல்லமாட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது மருத்துவமாதுவின் கொப்பியை. இடதுபக்கம் பெயர், வலதுபக்கம் ‘வந்தார்’ என்பதற்குப் பதிலாக வேறு குறிப்புகள். ஒருவருக்கு ‘கண் கிளினிக், செவ்வாய், கூட ஆள் இல்லை’. இன்னொருவருக்கு ‘பிறசர் குளிசை முடிஞ்சுது’. வேறொருவருக்கு ‘மகன் கோல் எடுக்கேல்லை, ரெண்டு கிழமை’. மூன்று மணிக்கு அவர் கொப்பியை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. ஓட்டோத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார், அவன் எழும்பிப் போனான். திரும்பி வந்து, ‘ஆடு கட்டையோட போட்டுதாம், தேடிக்கொண்டு திரியிறா’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதையும் எழுதினார்.

அங்கே கூடுகிறவர்களில் பாதிக்கு மேல் சைவம், சில கத்தோலிக்கர். தொடக்கத்தில் சின்னதாக ஒரு செபம் உண்டு. அதற்கென்றே கால் மணித்தியாலம் பிந்தி வரும் ஒரு ஐயா இருக்கிறார். அவருக்கும் கச்சான் எடுத்து வைக்கிறார்கள்.

அடுத்தது மதம். சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போர் முடிந்து சனம் செட்டிகுளம் முகாம்களிலிருந்து வெறுங்கையோடு வந்தபோது, பொதியோடு பிரசங்கத்தையும் சேர்த்துக் கொடுத்த சபைகள் இருந்தன. அதைச் சனம் மறக்கவில்லை. மெதடிஸ்த சபை நேற்று முளைத்ததில்லை, 1814இல் இலங்கைக்கு வந்தது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பள்ளிக்கூடம் வைத்தது, முரசுமோட்டையில் வளர்ந்த உங்களுக்கு அங்குள்ள அந்தச் சபையின் நவஜீவனம் நிலையத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வரலாற்றைக் காட்டிச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாது. செபத்துக்கு நிற்காதவருக்கும் தேத்தண்ணி வருகிறதா, கோயில் திருவிழா அன்று கூடலைத் தள்ளி வைக்கிறார்களா, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறேன் என்று சொன்னால் முகம் கறுக்கிறதா என்று பாருங்கள். சனம் இதையெல்லாம் இரண்டு மாதத்தில் அளந்துவிடும்.

உங்களுக்குத் தேவாலயத்தோடு சேரப் பிடிக்காவிட்டால் சேராமல் செய்யுங்கள். ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அங்கேயே படிப்பித்தவர், பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கியவர். பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுக்கூடம், பிரசங்கம், பள்ளிக்கூடம் என்று எல்லா முறையையும் அவர்களிடம் எடுத்து, சைவத்துக்காகப் பாவித்தார். அவருக்குக் கூச்சமில்லை என்றால் முரசுமோட்டைப் பிள்ளையார் கோயில் பரிபாலன சபைக்கு மட்டும் ஏன் கூச்சம்? என் மனதில் உள்ளதைச் சொன்னால், எங்கள் கோயில்கள் அன்னதானத்தில் கெட்டி. ஆயிரம் பேருக்கு ஒரு நாளில் சமைத்துப் போடுவோம். வாரம் தவறாமல் பதினைந்து பேருக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னால் மூன்றாம் வாரம் ஆள் இருக்காது.

தொண்டு நிறுவனங்களோடு வித்தியாசம் கேட்டீர்கள். 2008 செப்டெம்பரில் அரசு சொன்னதும் ஐ.நா.வும் பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்களும் வன்னியை விட்டுப் போயின. போகச் சொன்னால் போகவேண்டியவர்கள்தான் அவர்கள். சனத்தோடு நின்றவர்களில் குருமாரும் கன்னியாஸ்திரிகளும் உண்டு. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வேறொரு பிரச்சினை வந்தது, தொண்டருக்குப் படி கொடுக்கும் பழக்கம். கூட்டத்துக்கு வந்தால் இவ்வளவு, சாப்பாட்டுப் பொதி வேறு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்கள் குழு பத்துத் தையல் மெசினோடு நன்றாக நடந்தது. திட்டம் முடிந்து படி நின்ற மாதமே குழுவும் நின்றது. மெசின்களை ஒழுங்காக ஒரு அறையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்லமாட்டேன். கூலி வேலையை விட்டு வந்தவர்களுக்குப் படி தேவைதான். ஆகவே ஹரோவில் ஓய்வூதியத்தோடு இருப்பவர் செய்யும் தொண்டை இங்கே நாட்கூலிக்குப் போகும் பெண்ணிடம் எதிர்பார்க்காதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், தபாலதிபர், மருத்துவமாது, வெளிநாட்டுப் பிள்ளையின் காசில் இருப்பவர், இவர்களைத்தான் தேடவேண்டும்.

தாய்-குழந்தைக் கூடல் ஹரோவில் நடப்பதுபோல இங்கே நடக்காது. தாய் விடிய ஆறு மணிக்குக் கார்மென்ற் பஸ்ஸில் ஏறியிருப்பாள், அல்லது குவைத்தில் இருப்பாள். குழந்தை அம்மம்மாவின் இடுப்பில். எனவே செவ்வாய்க் கூட்டத்தையும் புதன் கூட்டத்தையும் இங்கே ஒன்றாக்கிவிடலாம், இரண்டுக்கும் வரப்போவது அதே அம்மம்மாதான். வெள்ளி கோயில் நாள், ஞாயிறு தேவாலயம், அதனால் நடுக்கிழமை. காலபோக அறுவடை நேரத்தில் கூடலை நிறுத்தி வையுங்கள். வயலில் மெசின் இறங்கினால் காணிக்காரர் ஒருவரும் வரமாட்டார்.

ஹரோவிலிருந்து ஒரு விசயத்தை மட்டும் அப்படியே கொண்டுவாருங்கள், அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அங்கே பிள்ளைகளோடு வேலை செய்யும் தொண்டருக்குப் பொலிஸ் பதிவு பார்க்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், ஒரு பெரியவரைத் தனியே பிள்ளைகளோடு விடமாட்டார்கள். இங்கே ‘எங்கட ஆள்தானே’ என்று விட்டுவிடுகிறோம். இதில் ஊர் முறுகும், முறுகட்டும். இது இல்லாமல் தொடங்கவேண்டாம்.

காசு எதற்கு என்றால், முதலில் கக்கூசுக்கு. சக்கர நாற்காலி போகும் அகலத்தில் கதவு, சாய்தளம், பிடிக்க ஒரு கம்பி. போரில் செல்லடி பட்டுக் கால் போனவர்கள் இருக்கும் ஊரில் பொதுக் கட்டடங்களுக்கு மூன்று படி வைத்துக் கட்டியிருக்கிறோம். பிறகு கைபிடி உள்ள கதிரைகள், ஓட்டோவுக்கு எண்ணெய்க் காசு, தேயிலை, சீனி, தொண்டரின் போனுக்கு ரீலோட். இதற்கு மண்டபக் காசில் ஒரு துளி போதும். மாதம் மாதம் அனுப்புங்கள், ஒரேயடியாக வேண்டாம். ஒரேயடியாக வந்தால் கொமிட்டி பிரியும்.

கடைசியாக அம்மா. கேள்வி மண்டபத்தைப் பற்றியது என்றாலும் கடிதத்தில் எனக்குத் தைத்தது அந்தப் படலை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் இருத்துகிற ஆளாகச் சேர்க்காதீர்கள். முப்பது வருசம் இடாப்புக் கூப்பிட்டவர். ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து, நடத்தித் தருவீர்களா என்று கேளுங்கள். முதலில் மாட்டேன் என்பார், முழங்காலைச் சொல்வார். மருத்துவமாதுவிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அடுத்த கிழமை ஓட்டோவில் வந்து அம்மாவோடு கதைக்கிறாராம். நீங்கள் சம்மதமா என்று தனி மடலில் சொல்லுங்கள், அம்மாவுக்கு முதலே போன் பண்ணி விசயத்தையும் சொல்லி வையுங்கள். முன்பின் தெரியாத ஓட்டோ வாசலில் நின்றால் அவர் படலையைத் திறக்கமாட்டார்.